ரொட்டி வண்டியும் ஆகாய வழியும்

1977-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி. கலிபோர்னியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு வருவார்களே, அந்த ஜாதி வண்டி. ஆனால் உள்ளே இருந்தது ரொட்டி அல்ல. வானொலிக் கருவியும் கம்ப்யூட்டரும். இன்று உலகத்தையே கட்டிப் போட்டிருக்கும் இன்டர்நெட்டின் சரித்திரத்தில் அந்த வண்டிக்கு ஓர் அத்தியாயமே உண்டு.

அதற்கு முந்திய வருஷம் ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஓர் ஒத்திகை நடந்தது. எங்கே என்கிறீர்கள்? போர்ட்டோலா பள்ளத்தாக்கில் ஒரு பியர்க் கடையின் தோட்டத்தில்! மேஜைமேல் ஒரு டெர்மினலை வைத்து, வெளியே நின்ற வேனுக்குக் கம்பி இழுத்து, வாராந்தர அறிக்கை ஒன்றை அனுப்பி வைத்தார்கள். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் நோக்கம் விளையாட்டல்ல. பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவ இலாகா. ஓடுகிற ராணுவ வண்டிக்குப் பின்னால் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியுமா? வானொலிதான் வழி. ஆனால் குன்று மறைத்தால் அலை அறுந்துபோகும்; பாலத்தடியில் நுழைந்தாலும் அப்படியே.

இதற்கு வின்ட் ஸர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974-லேயே ஓர் உபாயம் சொல்லியிருந்தார்கள். செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்ததற்கு மறுமுனை பதில் சொல்ல வேண்டும். பதில் வராத துண்டை மறுபடி அனுப்ப வேண்டும். வழி நம்பகமானதாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமே இல்லை!

நவம்பர் பரீட்சை இதற்குத்தான். செய்தி போக வேண்டிய இடம் லாஸ் ஏஞ்சல்ஸ், நானூறு மைல். போன வழியோ, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. வேனிலிருந்து வானொலியில் கிளம்பி, கம்பி வழியே அமெரிக்காவைக் கடந்து, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்த துணைக்கோள் வரை ஏறி, ஐரோப்பாவில் இறங்கி, நார்வேயையும் லண்டனையும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஆகாய மார்க்கமாகத் திரும்பி வந்தது. மொத்தம் 94,000 மைல்! மூன்று வெவ்வேறு வலைகளைக் கடந்தும் ஓர் எழுத்துக்கூடத் தொலையவில்லை என்று ஸர்ஃப் பிற்பாடு நினைவுகூர்ந்தார். 1983 ஜனவரி முதல் தேதி, ராணுவ இலாகாவின் வலை முழுவதும் இந்த முறைக்கு மாறியது.

இன்று காரின் கூரையிலேயே தட்டையான ஆன்டெனாவைப் பொருத்தி, ஓடும்போதே துணைக்கோளுடன் நேராகப் பேசுகிறார்கள். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சில துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஆனாலும் சாலையில் வைத்துச் சோதிப்பவர்களின் கேள்வி பழையதுதான்: மரமும் பாலமும் மறைத்தால் என்ன ஆகும்?

பழைய வேன் மவுன்டன் வியூ நகரத்துப் பொருட்காட்சிசாலைக்குப் போய்விட்டது. யுத்தத்துக்காகப் பிறந்த உபாயம், கடல் கடந்த பிள்ளையின் குரலை இன்று தாயிடம் கொண்டு சேர்க்கிறது. போட்ட கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நாம் கோபித்துக்கொண்டு, உறவையே முறித்துக்கொள்கிறோம். அந்த இயந்திரம் கோபிப்பதில்லை. வழியில் தொலைந்திருக்கும் என்றெண்ணி, மறுபடியும் ஒரு தடவை அனுப்பிப் பார்க்கிறது.