மடக்குத் தசைநாண் சீரமைப்பு

கத்தி, கண்ணாடி, அரிவாள், இயந்திரத் தகடு முதலியவற்றால் கையின் உட்புறம் வெட்டுப்படும்போது அறுந்துபோகும் நாண்களைத் தைத்து இணைத்து, விரல்களுக்கு மடங்கும் ஆற்றலை மீட்டுத் தரும் அறுவை மருத்துவம் மடக்குத் தசைநாண் சீரமைப்பு எனப்படும். அறுந்த இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டவேண்டும். ஆனால் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டாமல் வழுக்கி ஓடவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது கடினம் என்பதாலேயே கை அறுவையின் வரலாற்றில் இச்சிகிச்சை நெடுங்காலம் தீராச் சிக்கலாக இருந்துவந்தது.

தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற நார்க்கற்றையாகும். விரல்களை மடக்கும் முதன்மைத் தசைகள் முன்கையில் அமைந்திருக்க, அவற்றின் நாண்கள் மட்டும் மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு என ஒன்பது நாண்கள் நடுநரம்போடு சேர்ந்து மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்தின் வழியே செல்வதால், அங்கு விழும் ஆழமான ஒரே வெட்டு பலவற்றை அறுத்துவிடக்கூடும். விரலுக்குரிய இரு நாண்களில் மேல்நாண் இரண்டாகப் பிரிந்து விரலின் நடுவெலும்பில் முடிய, ஆழ்நாண் அந்தப் பிளவின் ஊடே புகுந்து விரல்நுனி எலும்பு வரை நீள்கிறது. இரண்டையும் வழவழப்பான ஓர் உறை சூழ்ந்துள்ளது. அவ்வுறையில் வளையங்களாக அமைந்த தடித்த நார்ப்பட்டைகள் கப்பிகள் எனப்படும். தூண்டிற்கோலின் வளையங்கள் தூண்டில் இழையைக் கோலை ஒட்டி ஓடச் செய்வதுபோல, இவை நாணை எலும்போடு அணைத்து வைக்கின்றன. ஐந்து வளையக் கப்பிகளுள் இரண்டாவதும் நான்காவதும் மிக இன்றியமையாதவை.

அறுவை மருத்துவர்கள் இந்நாண்கள் செல்லும் பாதையை ஐந்து மண்டலங்களாகப் பிரிப்பர். உள்ளங்கையில் விரல்களுக்கு அருகிலுள்ள ரேகையில் தொடங்கி விரலின் நடுவெலும்பு வரை நீளும் இரண்டாம் மண்டலமே மிகக் கடினமானது. அங்கு இரு நாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் நெருங்கிக் கிடப்பதால், தைத்த இடம் தழும்பால் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். அமெரிக்கக் கை அறுவைக் கழகம் 1946இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரான ஸ்டெர்லிங் பன்னெல், இப்பகுதியை எவரும் நுழையக் கூடாத நிலம் என்று கருதினார். இங்கு நாணை உடனே தைக்காமல் தோலை மட்டும் மூடி, புண் ஆறியபின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணைப் பொருத்துவதே அவர் வகுத்த வழி. சுவிட்சர்லாந்தின் கிளாட் வெர்டான் 1960இலும், அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த ஹெரால்டு கிளைனெர்ட்டும் அவர் குழுவினரும் 1967இலும் உடனடித் தையலின் நல்ல விளைவுகளை வெளியிட்ட பின்னரே அத்தடை தளர்ந்தது.

காயத்தின் அளவை வைத்து உள்ளிருக்கும் சேதத்தைக் கணிக்க இயலாது. தளர்ந்திருக்கும் கையில் விரல்கள் சற்றே மடங்கியிருப்பது இயல்பு. இரு நாண்களும் அறுந்த விரல் மட்டும் நேராக நீட்டிக் கிடக்கும். நடுவெலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னால் ஆழ்நாணின் நிலையும், மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவ்விரலை மடக்கச் சொன்னால் மேல்நாணின் நிலையும் தெரியவரும். விரலின் இருபுறமும் ஓடும் நரம்புகளும் அறுந்திருக்கலாம் என்பதால், மரப்பூசி போடுவதற்கு முன்பே தொடுவுணர்வைச் சோதிப்பது கட்டாயம். அவசரத்தில் பெரிதும் விடுபட்டுப்போவது இச்சோதனையே. கத்தியை இறுகப் பற்றியிருந்தபோது, அதாவது விரல் மடங்கியிருந்தபோது, வெட்டுப்பட்டிருந்தால், விரலை நீட்டியதும் நாணின் அறுந்த இடம் தோற்காயத்தைத் தாண்டி நுனிப்பக்கம் நகர்ந்திருக்கும்; தசைப்பக்க முனையோ தசை இழுப்பால் உள்ளங்கைக்கே பின்வாங்கியிருக்கக்கூடும்.

ஆகவே காயத்தைக் கோணல்மாணலான கீறல்களால் விரித்தே முனைகளைத் தேடவேண்டியுள்ளது. விரலின் குறுக்குமடிப்புகளின் மேல் நேர்கோடாகக் கீறினால் தழும்பு சுருங்கி விரலை வளைத்துவிடும். நாணின் உள்ளே செல்லும் மையத்தையல் இழுவிசையைத் தாங்க, விளிம்பைச் சுற்றிப் போடப்படும் மெல்லிய தையல் இணைப்பை வழவழப்பாக்குகிறது. முன்னர் இணைப்பை இரு இழைகள் கடந்தாலே போதும் எனக் கருதப்பட்டது. இன்று நான்கோ ஆறோ இழைகள் விரும்பப்படுகின்றன. கனடாவின் டான் லலோண்ட் பரப்பிய முறையில், அட்ரினலின் கலந்த மரப்பூசியால் கையை மட்டும் மரக்கச்செய்து நோயாளியை விழிப்பிலேயே வைத்திருப்பர். அவர் மேசையிலேயே விரலை மடக்கி நீட்ட, தையல் விலகுகிறதா, கப்பியில் சிக்குகிறதா என்பதை மருத்துவர் நேரில் கண்டு திருத்திவிடலாம்.

அறுவைக்குப் பிந்தைய வாரங்கள் அறுவைக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. அசைக்காமல் விட்டால் நாண் ஒட்டிக்கொள்ளும்; வலிந்து அசைத்தால் தையல் அறுந்துபோகும். கிளைனெர்ட் முறையில் மணிக்கட்டும் விரல்மூட்டுகளும் மடங்கிய நிலையில் புறங்கைப் பக்கம் சிம்பு வைத்து, நகத்தோடு ரப்பர் பட்டை இணைக்கப்படும்; நோயாளி விரலை நீட்டுவார், தசை உழைக்காமலேயே ரப்பர் அதை மடக்கும். தையல் வலுப்பெற்றதால், சிம்புக்குள்ளேயே நோயாளி தம் தசையால் மென்மையாக மடக்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்குவது இப்போது பரவியுள்ளது. கனமான பொருளைத் தூக்க ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் காத்திருக்கவேண்டும். வலி குறைந்ததும் சிம்பைக் கழற்றிவிட்டு வேலைக்குத் திரும்புவோரிடம் நாண் மீண்டும் அறுவதைக் காணலாம். தினக்கூலிக்கு உழைப்போர்க்கு இக்காத்திருப்பு பெருஞ்சுமை என்பதையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

பயிற்சி செய்தும் அசைவு திரும்பாவிடில், சில மாதங்களுக்குப் பின் ஒட்டுகளை விடுவிக்கும் அறுவை செய்யப்படும். உறையே சிதைந்துபோன விரல்களில் முதலில் சிலிக்கோன் தண்டு ஒன்றைப் பதித்து, அதைச் சுற்றிப் புதிய வழுவழுப்பான உறை உருவான பின், தண்டை அகற்றி அவ்விடத்தில் முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த நாணைப் பொருத்துவர்.