கூடங்குளம்: வரவு எங்களுக்கு, செலவு யாருக்கு?



2012ல் நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் செட்டிகுளத்தில் அப்போது கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்று ஞாபகம். சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. தாத்தா ராத்திரியெல்லாம் கொல்லையிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். "கூடங்குளத்தைத் திறந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதனால் கூடங்குளம் என்றால் எனக்கு ஒரு பெரிய சுவிட்ச்! அதைப் போடவிடாமல் யாரோ தடுக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது.

தடுத்தவர்கள் யார், ஏன் தடுத்தார்கள் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

கதை ஒரு விபத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1986 ஏப்ரல் 26ல் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. இரண்டே ஆண்டுகளில், 1988 நவம்பரில், அதே சோவியத்தின் அதிபர் கோர்பசேவும் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். தலா 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள். செர்னோபிலில் இருந்தது வேறு வகை உலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு சோவியத் உடைந்தது, திட்டம் தூங்கியது. 2002ல்தான் கட்டுமானம் ஆரம்பம்.

2004 டிசம்பர் 26ல் சுனாமி. கல்பாக்கத்தில் கடல்நீரை எடுக்கும் பம்ப் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

2011 மார்ச் 11ல் ஜப்பானின் ஃபுகுஷிமா. நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. பிறகு என்ன பிரச்சினை? நிறுத்திய உலையிலும் சூடு அடங்காது. நாள்கணக்கில் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். வெளிக் கரண்ட் அறுந்தது, டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுப் போனார்கள்.

இதை இடிந்தகரை மீனவர்கள் டிவியில் பார்த்தார்கள். சுனாமி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! அந்த ஆண்டே உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தார்கள். மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தும்படி 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் அதே அரசு, திறக்கலாம் என்றது. 2012 செப்டம்பர் 10ல் கடற்கரையில் கூடியவர்கள் மீது தடியடி, கண்ணீர்ப்புகை. அன்று மணப்பாட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு.

2013 மே 6ல் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு அனுமதித்தது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முதல் உலை 2014 கடைசியிலும், இரண்டாவது 2017லும் வணிக உற்பத்திக்கு வந்தன.

இனி காமர்ஸ் மாணவனாக என் கணக்கு. வரவுப் பக்கம் நிஜமாகவே பெரிது. நிலக்கரிப் புகை இல்லை, கொஞ்சம் எரிபொருளில் நிறைய மின்சாரம். காற்றாலை மாதிரி சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம், இரவிலும் ஓடும்.

செலவுப் பக்கம்தான் சிக்கல். விபத்து நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, நடந்தால் நஷ்டத்துக்கு அளவில்லை. 2010ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு 1500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஃபுகுஷிமாவில் கொடுத்த இழப்பீடோ 10 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! 2010 சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறி, தனியாருக்கும் அணுமின் துறை திறக்கப்பட்டது. பயன்படுத்திய எரிபொருளை என்ன செய்வது என்ற கேள்வி வேறு இருக்கிறது.

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இங்கே வரவு செட்டிகுளத்துக் கொல்லையில், பற்று இடிந்தகரைக் கடற்கரையில். எங்கள் மோட்டார் ஓடியதற்கு அவர்கள் கொடுத்த விலை என் ஊர்க் கணக்கில் எங்கேயும் எழுதப்படவில்லை.

அதற்காக உலையை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கரண்டில் வெங்காயம் விளைவித்துப் படித்தவன் நான், அது நேர்மையாக இருக்காது. ஆனால் பயந்தவர்களைத் தேசத்துரோகி என்று எழுதியது தவறு. இழப்பீட்டு வரம்பை உயர்த்துவதும், கழிவை எங்கே வைப்பது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவெடுப்பதும் கரண்ட் பில்லில் சேர வேண்டிய செலவுதான். அதற்காக யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடினாலும் நான் கொடுக்கத் தயார்.

நீங்கள்?