ஊதியத்துடன் கூடிய பொது விடுமுறை: இந்திய மாநிலங்களிடையே வேறுபாடும் அதன் சட்ட அடித்தளமும்

இந்தியா முழுமைக்கும் பொதுவான தேசிய விடுமுறைகள் மூன்றுதான்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்ற நாள்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. தமிழ்நாட்டில் பொங்கலும் கேரளத்தில் ஓணமும் தொடர் விடுமுறைகளாகின்றன. ஒடிசாவில் ஏப்ரல் 1, கர்நாடகத்தில் நவம்பர் 1 என மாநிலம் உருவான நாள்களும் பட்டியலில் இடம்பெறுகின்றன. இவ்வேறுபாட்டுக்குப் பண்பாட்டுப் பன்மையே காரணம் என்பது பரவலான விளக்கம். எந்த நாள் விடுமுறை என்ற கேள்விக்கு அவ்விளக்கம் பொருந்தும். யாருக்கு விடுமுறை, எத்தனை நாள், அன்றைய ஊதியம் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை சட்டத்தில்தான் இருக்கிறது. அவ்வகையில் பார்த்தால், மாநிலங்களுக்கு இடையே காணப்படும் இடைவெளியைவிட, ஒரே மாநிலத்தில் அரசு ஊழியருக்கும் தனியார் தொழிலாளிக்கும் இடையே உள்ள இடைவெளியே பெரியது.

வணிகச் சட்டத்திலிருந்து வந்த விடுமுறை

அரசிதழில் வெளியாகும் பொது விடுமுறைப் பட்டியலின் வேர் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். கடனுறுதிச் சீட்டு போன்ற ஆவணம் முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக அமைந்தால், அதற்கு முந்தைய வேலைநாளே தவணை நாளாகும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. அதற்காகவே பொது விடுமுறை எது என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு அளிக்கப்பட்டது. 1957இல் அவ்வதிகாரம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநிலங்களின் மறுசீரமைப்பு முடிந்த மறு ஆண்டிலேயே இது நிகழ்ந்ததால், புதிதாக அமைந்த மொழிவாரி மாநிலங்கள் தத்தம் நாள்காட்டியைத் தாமே வகுத்துக்கொள்ள முடிந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலில் சேர்த்தபோது நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எதுவும் தேவைப்படவில்லை.

எளிதில் சேர்க்கக் கூடியதை எளிதில் நீக்கவும் முடியும். 2017இல் உத்தரப் பிரதேச அரசு தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள் சார்ந்த 15 விடுமுறைகளை ஒரே முடிவில் கைவிட்டது. தாத்ரா நாகர் ஹவேலியின் விடுதலை நாளான ஆகஸ்ட் 2ஐப் பொது விடுமுறையாக்கக் கோரிய வழக்கில், பொது விடுமுறை என்பது எவருக்கும் அடிப்படை உரிமையன்று என 2022இல் மும்பை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வகை விடுமுறை முழுக்க அரசின் கொள்கை முடிவைச் சார்ந்தது.

மத்திய அரசு ஊழியர்களின் ஏற்பாடு வேறு. தில்லிக்கு வெளியே உள்ள அலுவலகங்களுக்கு 14 நாள்கள் கட்டாய விடுமுறை. மேலும் மூன்று நாள்களை அந்தந்த மாநிலத்தின் ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு ஒரு பொதுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும். எண்ணிக்கை எங்கும் ஒன்றே. வட்டார வழக்குக்கு ஏற்ப நாள் மட்டும் மாறும்.

மாவட்ட அளவில் உள்ளூர் விடுமுறை

மாநிலத்துக்குள்ளும் நாள்காட்டி சீராக இல்லை. திருவாரூர் ஆழித்தேரோட்டம், கோட்டாறு சவேரியார் திருவிழா போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாயிருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணத்துக்கும் விடுமுறை உண்டு. மாநில எல்லை மாறிய பின்னும் மக்களின் பண்டிகை மாறவில்லை. ஆட்சியரின் ஆணை அதற்கு இடமளிக்கிறது. ஆனால் உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என அவ்வாணையிலேயே குறிப்பிடப்படும். ஆகவே வங்கிகள் திறந்திருக்கும். கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஒரு சனிக்கிழமை ஈடுசெய்யும் வேலைநாளாகிவிடும். ஊர் கொண்டாடும் நாளுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆண்டின் மொத்த வேலைநாள் குறைவதில்லை.

தொழிலாளர் சட்டம் தரும் குறைந்தபட்சம்

தனியார் துறைத் தொழிலாளியை இப்பட்டியல்கள் எதுவும் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையையும் ஆண்டு விடுப்பையும் வகுத்தது. பண்டிகை விடுமுறையை வகுக்கவில்லை. அவ்விடத்தை மாநிலச் சட்டங்கள் நிரப்பின. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், மூன்று தேசிய விடுமுறைகள், மே 1, ஐந்து பண்டிகை நாள்கள் என மொத்தம் ஒன்பது நாள்களை ஊதியத்துடன் உறுதிசெய்கிறது. பண்டிகை நாள்களைத் தொழிலாளர், நிர்வாகம் ஆகிய இரு தரப்பையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிப்பிடுவார். அந்நாளில் வேலை வாங்கினால் இரட்டை ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ தர வேண்டும்.

கர்நாடகத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விடுமுறைகள், மே 1 ஆகிய நான்கு நாள்களோடு மாநில உருவாக்க நாளான நவம்பர் 1ஐயும் பண்டிகை நாள்களையும் சேர்த்து மொத்தம் 10 நாள்களை அளிக்கிறது. அதே நவம்பர் 1இல் உருவான கேரளத்தில் அந்நாள் பொது விடுமுறையன்று. மகாராஷ்டிரத்தின் மாநில நாளும் தொழிலாளர் நாளும் மே 1 என்ற ஒரே நாளில் அமைந்துவிட்டன. அங்கு 2017ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கையினரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் எட்டு நாள்களை உறுதிசெய்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சட்டம் தரும் குறைந்தபட்சம் எட்டுக்கும் பத்துக்கும் இடையில் நிற்கிறது.

தமிழ்நாடு அரசின் ஆண்டுப் பட்டியலோ 20 நாள்களைத் தாண்டும். சென்னைத் தொழிலாளிக்கும் பெங்களூருத் தொழிலாளிக்கும் வேறுபாடு ஒரு நாள். சென்னையிலேயே தலைமைச் செயலக ஊழியருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் வேறுபாடு பத்து நாளுக்கு மேல். வலுவான தொழிற்சங்கம் உள்ள ஆலைகளில் ஒப்பந்தத்தின் மூலம் இவ்விடைவெளி ஓரளவு குறையலாம். சிறு நிறுவனங்களில் அதற்கும் வழி குறைவு.

சட்டத்துக்கு வெளியே நிற்போர்

நாட்டில் உழைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் சுயதொழில் செய்வோர். அவர்களுக்கு ஊதியம் தர வேண்டிய முதலாளி இல்லாததால் ஊதிய விடுமுறை என்பதற்கே இடமில்லை. கட்டடத் தொழிலில் நாட்கூலிக்கு வருவோருக்குப் பொங்கலும் தீபாவளியும் நடைமுறையில் கூலியற்ற நாள்கள். பூக்கடை, பழக்கடை நடத்துவோருக்கு அவையே ஆண்டின் முதன்மையான விற்பனை நாள்கள்.

முடிவு

மாநிலப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது வணிகத்துக்குத் தடை என்ற வாதம் முன்பு வலுவாயிருந்தது. வங்கிகளின் மின்னணுப் பணப்பரிமாற்ற முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலும் எந்நேரமும் இயங்கத் தொடங்கியபின், வங்கி மூடியிருந்தாலும் பணம் கைமாறுவதால், அவ்வாதம் தளர்ந்துவிட்டது. ஆகவே நாடெங்கும் ஒரே நாள்காட்டியைத் திணிப்பதால் பெறும் பயன் சிறிது. வட்டாரப் பண்டிகைகளுக்கு நேரும் இழப்பு பெரிது. சீராக்கம் தேவைப்படுவது நாள்களில் அன்று, எண்ணிக்கையில். மத்திய அரசு அலுவலகங்கள் ஏற்கெனவே பின்பற்றும் முறை, அதாவது எண்ணிக்கை பொது, நாள்தேர்வு வட்டாரம் சார்ந்தது என்ற முறை, அதற்கு முன்மாதிரியாகும். நிறுவனத்தின் அளவைப் பாராமல் கூலிக்கு உழைக்கும் ஒவ்வொருவருக்கும் ஊதிய விடுமுறையின் குறைந்தபட்சத்தை நாடு முழுவதற்கும் வகுத்து, எந்தெந்த நாள் என்பதை மாநிலங்களிடமும் மாவட்டங்களிடமும் விடுவதே பன்மையும் சமத்துவமும் ஒருங்கே நிற்பதற்கான வழி.