முதியோருக்கென்றே ஒரு பிசியோதெரபி: சிறப்புப் பயிற்சி என்றால் என்ன? நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதனால் என்ன பயன்?

குளியலறையில் வழுக்கி விழும் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிகிறது. ஆனால், மாதக் கணக்கில் ஆகியும் அவர் கட்டிலை விட்டு எழுவதில்லை. “வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்” என்று வீட்டில் உள்ளவர்கள் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

உண்மையில் பாட்டியை மீண்டும் நடக்க வைப்பது பெரும்பாலும் அறுவைக்குப் பின் வரும் வாரங்களில்தான் முடிவாகிறது. அந்த வேலையைச் செய்பவர் பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்முறைச் சிகிச்சையாளர். முதியோரைக் கவனிப்பதற்கென்றே இவர்களுக்குத் தனிப் பயிற்சி தரும் முறை அமெரிக்காவில் உண்டு. அது ‘ரெசிடென்சி’ எனப்படுகிறது.

முதிய உடல் ஏன் வேறு?

முப்பது வயது இளைஞருக்கு முழங்காலில் அடிபட்டால் பிரச்சினை அந்த முழங்காலோடு நிற்கும். எழுபத்தைந்து வயது பெரியவருக்கு அப்படியல்ல. அவருக்கு மூட்டுத் தேய்மானத்தோடு இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கண் மங்கல், மறதி என ஐந்தாறு சேர்ந்தே இருக்கும். இனிப்பு நீர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். தரை மேடா பள்ளமா என்று கால் சொல்லாது. தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தலைச்சுற்றலைத் தரலாம். எழுந்து நின்றதும் மேல் அழுத்தம் 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால், அவர் விழும் ஆபத்து கூடுகிறது.

நோயின் அறிகுறியும் மாறுகிறது. இளையவருக்குக் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமோ, கீழே விழுவதோ முதல் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கண்டுகொள்ளாமல் “பயிற்சி செய்யுங்கள்” என்று மட்டும் சொல்வது ஆபத்து.

அமெரிக்காவின் முறை

அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆக விரும்புபவர் முதல் பட்டத்துக்குப் பின் பொதுவாக 3 ஆண்டுகள் படித்து முனைவர் நிலையிலான தொழில்முறைப் பட்டம் பெற வேண்டும். பிறகு தேசிய உரிமத் தேர்வில் தேற வேண்டும். இவ்வளவு முடித்தால் எல்லா வயதினருக்கும் சிகிச்சை தரலாம்.

சிறப்புத் துறை அதற்கு அடுத்த படி. இதயம்–நுரையீரல், எலும்பு மூட்டு, நரம்பு, குழந்தைகள், விளையாட்டு என அங்கே 10 சிறப்புத் துறைகள் உள்ளன. முதியோர் துறையும் அவற்றில் ஒன்று. அதில் சான்றிதழ் பெற இரண்டு வழிகள் இருக்கின்றன. முதியோருக்கு நேரடியாகச் சிகிச்சை தந்த 2,000 மணி நேர அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதலாம். அல்லது அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை முடித்துத் தேர்வு எழுதலாம்.

ரெசிடென்சி பெரும்பாலும் ஓராண்டு நடக்கும். அங்கீகார வாரியத்தின் விதிப்படி, குறைந்தது 1,500 மணி நேரம் நோயாளிகளோடும் 300 மணி நேரம் பாடத்திலும் செலவிட வேண்டும். நோயாளிகளோடு செலவிடும் நேரத்தில் குறைந்தது 150 மணி நேரம் அனுபவமிக்க வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் அமைய வேண்டும். பயிற்சி பெறுபவருக்குச் சம்பளம் உண்டு. ஆனால், அது முழு நேர ஊழியரின் சம்பளத்தை விடப் பொதுவாகக் குறைவு.

2,000 மணி நேர அனுபவத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தனியாக வேலை செய்பவர் தன் பழக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்யக்கூடும். ரெசிடென்சியில், “இந்த ஐயாவுக்கு ஏன் இந்தப் பயிற்சி? ஏன் இந்த அளவு?” என்று வழிகாட்டி பக்கத்தில் நின்று கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன கற்கிறார்கள்?

மருத்துவமனை வார்டு, மறுவாழ்வு மையம், முதியோர் இல்லம், நோயாளியின் வீடு எனப் பல இடங்களில் பயிற்சி அமையும். இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம், பார்க்கின்சன், எலும்பு மெலிவு, மறதி நோய், தசை இழப்பு, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவை முக்கியப் பாடங்கள். மருத்துவர், தாதியர், மருந்தாளர், குடும்பத்தார் ஆகியோருடன் சேர்ந்து முடிவெடுப்பதும் பயிற்சியில் அடங்கும்.

அளவிடுவது இன்னொரு முக்கியத் திறன். உதாரணத்துக்கு ஓர் எளிய சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டி கூறுகிறது. 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பது மற்றொரு சோதனை. வீட்டில் செய்து பார்ப்பவர்கள், பெரியவர் பக்கத்தில் ஒருவர் நிற்காமல் செய்ய வேண்டாம்.

லேசான பயிற்சி போதுமா?

வயதானவர் என்றாலே சூடு ஒத்தடம், காலை இரண்டு தடவை ஆட்டுவது என்று முடித்துவிடும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2014-இல் வெளியிட்ட ‘தவிர்க்க வேண்டியவை’ பட்டியலில் இரண்டு விஷயங்கள் இதைத் தொடுகின்றன. முதியவருக்குத் தேவைக்குக் குறைவான அளவில் தசைப் பயிற்சி தரக்கூடாது என்பது ஒன்று. ஒத்தடம் போன்றவற்றை, நோயாளி தானே உடலை அசைத்துச் செய்யும் பயிற்சிக்குத் துணையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று.

1990-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் சராசரியாக 90 வயதான முதியோர் இல்லவாசிகள் சிலருக்கு 8 வாரம் கடுமையான கால் தசைப் பயிற்சி தந்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும், வயதான தசை வலுப்பெறாது என்ற எண்ணத்தை அது உடைத்தது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சித் திட்டமும் கவனிக்கத்தக்கது. வாரம் மூன்று முறை வீட்டிலேயே கால் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி, அதோடு நடைப்பயிற்சி. பிசியோதெரபிஸ்ட்டோ தாதியோ சில முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தால் போதும். ஆய்வுகளில் இது விழுவதைச் சுமார் 35 விழுக்காடு குறைத்தது. வாரந்தோறும் பட்டணத்து மருத்துவமனைக்கு வர வாகன வசதியில்லாத தோட்டத்துப் பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட முறையே பொருந்தும்.

நம் நாடுகளில்

மலேசியாவில் 60 வயதைத் தாண்டியோர் 2030-ஆம் ஆண்டுவாக்கில் சுமார் 15 விழுக்காடாக இருப்பர் என்பது அரசின் கணிப்பு. சிங்கப்பூரில் 2030-க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ இருப்பார். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த முழங்கால்கள் நம் சமூகத்தில் நிறைய உண்டு. இனிப்பு நீரும் நம்மிடையே அதிகம். ஆகவே, இது நம் வீட்டுப் பிரச்சினை.

மலேசியாவில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவு மன்றமும் உள்ளன. அங்கு ஒருவரின் பெயரை மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பிடித்துவிடுபவரும் மசாஜ் நிலையமும் பிசியோதெரபிக்கு மாற்றாகமாட்டா.

குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள்

• உங்கள் பதிவும் தொழில் சான்றிதழும் நடப்பில் உள்ளனவா?

• முதியோருக்குச் சிகிச்சை தருவதில் எவ்வளவு அனுபவம் உண்டு?

• அப்பாவின் நடையையும் சமநிலையையும் எப்படி அளந்தீர்கள்? அடுத்த அளவீடு எப்போது?

• பயிற்சியை எப்போது, எவ்வளவு கூட்டுவீர்கள்?

• அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பார்த்தீர்களா?

• வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கழிவறையில் கைப்பிடி எங்கே வைக்கலாம்?

மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பதை எழுதிக் காட்டுங்கள். அடிபடாமல் விழுந்ததும் கணக்குதான்.

மாணவர்களுக்கு

பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் பலர் விளையாட்டுத் துறையையே விரும்புகிறார்கள். வேலை பெருகப் போவது முதியோர் துறையில். அமெரிக்காவில் ரெசிடென்சி செய்ய விரும்பினால், முதலில் நம் பட்டம் அங்குள்ள பட்டத்துக்கு இணையானதா என்ற மதிப்பீடு, பிறகு அங்குள்ள உரிமத் தேர்வு, விசா என்று படிகள் உண்டு. எல்லாருக்கும் அது சாத்தியப்படாது. ஆனால், இங்கேயே முதியோர் வார்டில் வேலை கேட்டுப் பெறலாம்; அனுபவமிக்க ஒருவரிடம் தன் சிகிச்சையைக் காட்டிக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பாட்டியிடம் தமிழிலேயே பேசி எழுந்து நிற்க வைக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் நம் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் நிறையவே தேவைப்படுகிறார்.