சேம அச்சும் ஒஸ்ரின் காரும்



இலக்கிய வரிசையிலே மோட்டார் காருக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் பழம்புலவர்கள் வண்டியையும் தேரையும் எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார் உப்பு வணிகராகிய உமணரைக் காட்டுகிறார். பாரம் ஏற்றிய வண்டியோடு நெடுவழி செல்லும் அவர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியிலே இன்னோர் அச்சு மரத்தையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி என்னும் தலைவனை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று நாம் ஸ்பெயார் பாட்ஸ் என்று சொல்லிக் கடைகடையாக அலைகிறோமே, அந்தப் பொருளுக்குத் தமிழிலே இரண்டாயிரம் ஆண்டளவு பழமையான சொல் இருக்கிறது.

பழைய கார்களை மலிவாக வாங்கி, திருத்தி, ஓட்டி மகிழ்வது இன்று ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. கொழும்பிலே அதற்குச் சங்கங்கள் உண்டு, ஊர்வலங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ இது பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று. வேறு கார் கிடைக்காததாலே தொடங்கியது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நம் ஊர்களிலே நீண்டகாலம் ஓடிய கார்களில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்று மொறிஸ், மற்றது ஒஸ்ரின். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் காட்சியிலே அறிமுகமாயிற்று. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906ஆம் ஆண்டு ஸ்மேர்ணா நகரிலே பிறந்தவர். பின்னாளில், 1959ஆம் ஆண்டு வெளிவந்த மினி காரையும் உருவாக்கியவர். மைனரின் மாதிரி வண்டி தயாரான பின்பு, அது ஒடுங்கலாக இருக்கிறதென்று அவருக்குத் தோன்றியது. வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டச்செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டியபோது சரி என்றாராம். மைனர் காரின் முன்மூடியின் நடுவிலே தட்டையாக ஒரு பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் காரைக் கண்ணிலே காட்ட முடியவில்லை. உடைத்து நீரிலே அவித்த முட்டை போலிருக்கிறது என்று பழித்தார் என்பர். அவர் பழித்த அந்தக் கார்தான் 1960ஆம் ஆண்டின் இறுதியில், பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பெற்றது.

ஒஸ்ரின் ஏ-40 வேறு சாதி. 1947இல் வந்த டெவனும் 1952இல் வந்த சோமசெற்றும் 1200 சீசீ எஞ்சின் கொண்டவை. சோமசெற்றிலே கியர்த் தடி ஸ்ரேறிங் தண்டோடு சேர்ந்திருக்கும். முன்னிருக்கை நீளமாக வாங்கு போலிருக்கும். ஆகவே வாடகைக் காருக்கு அது வெகு பொருத்தம். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்குச் சொல்லும். கோயில் திருவிழாக் காலத்திலே சாரதி இன்னொரு கணக்குச் சொல்வார்.

இந்தக் கார்கள் 1950களிலே இலங்கைக்குத் தாராளமாக வந்தன. பின்பு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1960களின் தொடக்கத்திலே கார் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, வந்த கார்கள் வந்தவைதான். புதியது வாங்குவது சாமானியர் நினைக்கக்கூடிய காரியமன்று. இங்கிலாந்திலே பழுதடைந்த காரைக் குப்பைக்கு அனுப்பிய காலத்தில், இங்கே கராஜ்காரர் அதே காரின் தேய்ந்த பாகத்தைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கடைந்து பூட்டினார். ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்துமா என்ற உறவுமுறை அறிவு அவர்களிடம் வளர்ந்தது. ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே நிறுவனமாயின. அதனாலே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் ஒரே குடும்பத்து எஞ்சின் இருந்தது. இந்தியாவின் அம்பாசிடர், ஒக்ஸ்போட்டை அடியொற்றிப் பிறந்து 2014 வரை உற்பத்தியான கார். அதிலும் நெடுங்காலம் இருந்தது அந்த எஞ்சின்தான். சம்பந்தம் பேசும் தரகருக்கும் இத்தனை வம்சாவழி தெரிந்திராது.

பழைய காரை வாங்க வருகிறவர்கள் பெயின்றைப் பார்ப்பார்கள். வரலாறு படிப்பவன் இலக்கத் தகட்டைப் பார்க்க வேண்டும். மிகப் பழைய கார்களிலே சீ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துக்கள் இருக்கும். 1957இலிருந்து அவற்றின் இடத்திலே சிங்கள ஸ்ரீ வந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் சூடு ஆறாத காலம். தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள எழுத்தை அழித்துவிட்டுத் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓட்டினார்கள். 1958இல், புதிதாகத் தேசியமயமான போக்குவரத்துச் சபை பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது போராட்டம் மறுபடி மூண்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் மே மாதத்திலே நடந்த கொடுமைகளை நான் விரிக்க வேண்டியதில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாம். அன்று நம்மவர் சிறை செல்லவும் துணிந்து எழுதிய அந்த ஸ்ரீ, நெடுங்கணக்கிலே இல்லாத கிரந்த எழுத்து. தனித்தமிழ் அன்பர்கள் அதைத் திரு என்று மாற்றச் சொல்லியிருப்பார்கள். மோட்டார்த் திணைக்களத்தோடு பொருதும்போது இலக்கணம் பார்க்க நேரமில்லை.

இனி, மண்ணெண்ணெய்க் காலத்துக்கு வருவோம்.

1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி முதலியன தடைப்பட்ட பொருள்களாயின. மின்சாரமும் நின்றது. கடத்தி வரப்பட்ட பெற்றோல் பல மடங்கு விலைக்குப் போத்தலிலே விற்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு ஓரளவு வந்தது. 1977க்குப் பின்பு வந்த யப்பானியக் கார்களை வைத்திருந்தவர்களிற் பலர் அவற்றை மூடிக் கட்டிவைத்தார்கள். அப்பொழுதுதான் முதிய ஒஸ்ரின்களும் மைனர்களும் வாலிபம் பெற்றன.

காரணம் மந்திரமன்று. எஞ்சினுக்குள்ளே எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்பட்டபின் பொறி பட்டு வெடிக்கின்றன. அமுக்கம் கூடக்கூட எரிபொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும்; இல்லாவிடில் வேளைக்கு முன்பே வெடித்து எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தமிடும். ஏ-40இலே அமுக்க விகிதம் 7.2க்கு 1 அளவுதான். பிற்காலக் கார்களிலே அது 9ஐத் தொடும். மண்ணெண்ணெய் தாழ்ந்த எரிபொருள். தாழ்ந்த அமுக்கமே அதற்குத் தோது. ஆனாலும் அது குளிரிலே ஆவியாகாது. எஞ்சின் சூடாக வேண்டும். ஆகவே ஒரு சிறு போத்தலிலே கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து, ஆஸ்பத்திரியிலே சேலைன் ஏற்றும் குழாய் போன்ற ஒன்றால் காபரேற்றருக்குத் தொடுப்பு. பெற்றோலிலே ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கிலாந்திலே பழைய பேர்கசன், போட்சன் உழவு இயந்திரங்கள் இரண்டு தாங்கிகளோடு இதே முறையிலே ஓடியவைதாம். அங்கே தொழிற்சாலை செய்து கொடுத்ததை இங்கே வேப்பமர நிழலிலே செய்தார்கள்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலை உண்டு. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஓடஓட ஒயில் குறையவேண்டும். அக்காலக் கார்களிலே குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும்! கூடியதைக் கண்டு மகிழ்ந்தவனுடைய எஞ்சின் விரைவிலே பிடித்துவிடும். விஷயம் தெரிந்தவன் அதை இறக்கி மாற்றுவான். மாற்றுவதற்கு ஒயில் எங்கே என்பது அடுத்த கேள்வி. பிளக்கிலே கரி பிடிக்கும். வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். எங்கள் தலைமுறை பிள்ளைப் பருவத்திலே அறிந்த மணம் அது. ஒரு வீதியால் கார் போய்ச் சிறிது நேரம் சென்றபின்னும், போனது காரென்று சொல்லிவிடலாம்.

அந்தக் கார்களிலேதான் பிரசவ வேதனைப்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குண்டுவீச்சிலே காயமுற்றவர்களையும் அவைதாம் ஏற்றின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் போன வீதியிலே மனிதரே நகர இடமில்லை. பல கார்கள் வீட்டுக் கொட்டில்களிலேயே நின்றன. 1996இலே திரும்பி வந்தவர்களிற் சிலர் காரைக் கண்டார்கள். சிலர் சில்லில்லாத கூட்டைக் கண்டார்கள். சிலர் கொட்டிலையும் காணவில்லை.

இதிலே ஒரு விசித்திரத்தைக் கேளுங்கள். இங்கிலாந்திலே பாத் நகரில் சாள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் ஒன்றை 1970களிலே தொடங்கினார். ஒரு காரைச் சில வருடங்களில் எறியாமல், பழுதான பாகத்தை மாற்றி மாற்றி ஆயுள் முழுக்க ஓட்டுவதே சிக்கனம் என்பது அவருடைய கொள்கை. அதைப் பற்றி நூலும் எழுதினார். அந்தக் கார்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்கள் 1990களிலே எங்கே செய்யப்பட்டன தெரியுமா? இலங்கையின் தெற்கிலே! தெற்கிலிருந்து மைனர் பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், வடக்கிலே ஒரு மைனர் காருக்குப் பிளக் வாங்குவதற்குக் கிளாலிக் கடனீரேரியைத் தாண்ட வேண்டியிருந்தது. வெயர் கொள்கையாகச் சொன்னதை நம் மெக்கானிக்குகள் வேறு வழியின்றிச் செய்துகொண்டிருந்தார்கள்.

2002இலே போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாண வீதிகளைக் கண்டு வியந்தார்கள். நூதனசாலையே சில்லுப் பூட்டி ஓடுவதாக அவர்களுக்குத் தோன்றியது. விலை பேசினார்கள். எத்தனையோ கார்கள் அவ்வழியே தெற்கே போயின. விற்றவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மகளின் சீதனத்துக்கும் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் முன்னாலே ஒரு சோமசெற் எம்மாத்திரம்? பின்பு 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 வரை கார்களுக்கு வழி திறக்கவில்லை. கிழட்டுக் கார்களுக்கும் மதிப்பு ஏறியது. மலிவான பழைய கார் என்ற சொற்றொடரே கேலியாகிவிட்டது.

இன்று இளைஞர் சிலர் மைனர் வாங்கித் திருத்துகிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் மினுக்கத்திலே காட்டும் கவனத்தை அடியிலே காட்டுவோர் குறைவு. மைனரின் முன்சில்லைத் தாங்கும் அடிப்பூட்டு புரிபோட்டது. அதன் நிப்பிளிலே முறையாகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் வளைவிலே சில்லு மடிந்து வண்டி மூக்குக் குப்புற விழும். கிறீஸ் அடிக்கச் சில நிமிடம் போதும். அதைச் சொல்லிக் கொடுக்கும் மனிதர்தாம் அருகிவருகிறார்கள். பின்னேரங்களிலே நான் போய் அமரும் கராஜில் எழுபது கடந்த ஒருவர் இருக்கிறார். எஞ்சினின் வால்வு மூடியிலே ஸ்குறூட்றைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்டு, எந்தச் சிலிண்டரிலே குறை என்று சொல்லிவிடுவார். "மாஸ்ரர், இதை எழுதேலாது, கேட்டுத்தான் பழகவேணும்" என்றார் ஒருமுறை. அவரிடம் தொழில் பழகிய மூவரும் இப்போது வெளிநாட்டிலே. உள்ளூர்ப் பையன்கள் கணினியைப் பூட்டிப் பழுது பார்க்கும் புதிய கார்களுக்குப் போகிறார்கள். பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

எழுதமுடியாது என்று அவர் சொன்னது முழுவதும் சரியென்று நான் ஒப்பவில்லை. ஓசையை எழுதமுடியாவிட்டாலும் எந்த வண்டிக்கு எது பொருந்தும், மண்ணெண்ணெயிலே ஓட்டும்போது எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயில் இறக்கினீர்கள், கிடைக்காத பாகத்துக்கு எதை வைத்துச் சமாளித்தீர்கள் என்பனவற்றை எழுதலாம். எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து கராஜுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். நேயர்களாகிய உங்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். பழைய அல்பங்களிலே வீட்டுக் காரின் முன்னே குடும்பம் நின்று எடுத்த படம் இருக்கக்கூடும். மனிதர்களைப் பார்த்தபின் இலக்கத் தகட்டையும் பாருங்கள். அதிலே தமிழ் ஸ்ரீ இருந்தால், படம் எடுத்த வருடத்தையும் ஊரையும் குறித்து இந்நிகழ்ச்சிக்கு எழுதி அனுப்புங்கள். மண்ணெண்ணெயிலே கார் ஓட்டிய சாரதிமார் யாராவது உங்கள் அயலில் இருந்தால், அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு விடைகளையும் அதே உறையிலே வைத்துவிடுங்கள்.