ராணி கட்டிய வெள்ளை

சர்ச் கல்யாணத்துக்கு எனக்கு வெள்ளைச் சேலை என்றதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது. அம்மாவைப் பெற்றவள், இந்து. தாத்தா போனதிலிருந்து அவள் உடுத்துவது வெள்ளைதான். "கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளையாடி எடுப்பாங்க?"

இங்கிலாந்திலேயே முன்பு அப்படிக் கட்டாயமில்லை. இருப்பதில் நல்ல உடை, எந்த நிறமானாலும் சரி. 1840 பிப்ரவரியில் விக்டோரியா ராணி வெள்ளை சாட்டினில் மணமுடித்தார். அதில் ஹானிட்டன் லேஸ். இயந்திர லேஸ் வந்து நொடித்துப்போயிருந்த கைப்பின்னல் பெண்களுக்கு வேலை கிடைத்தது. தூய்மை, கன்னிமை எல்லாம் பிறகு அழுத்தமாக ஒட்டிக்கொண்டவை. 1849-லேயே அமெரிக்காவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகை, வெள்ளை ஆதிகாலத்து வழக்கம் என்று எழுதிவிட்டது. ஒன்பதே வருஷம்!

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். "ராணி கட்டிட்டுப் போறா" என்றாள். சேலையின் உள்மூலையில் மஞ்சள் தடவித்தான் என் கையில் கொடுத்தாள்.