கோபத்திலிருந்து தொடங்கிய படம், கணக்கிலிருந்து தொடங்கிய தொடர்

1989 நவம்பர் 5, விடியற்காலை. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், மகளிடமிருந்து எடுத்த சாவியைக் கொண்டு முன்னாள் கணவரின் வீட்டுக்குள் நுழைந்தார் பெட்டி ப்ரோடரிக். படுக்கையில் இருந்த டான் ப்ரோடரிக்கையும், அதே ஆண்டு ஏப்ரலில் அவர் மணந்த லிண்டா கொல்கேனாவையும் சுட்டார். ஐந்து குண்டுகள். டானுக்கு வயது 44, லிண்டாவுக்கு 28. அறையிலிருந்த தொலைபேசியின் வயரையும் பிடுங்கிவிட்டுத்தான் வெளியேறினார்.

இந்த வழக்கை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றுக்கு மேற்பட்ட முறை விரிவாக எடுத்திருக்கிறது; இங்கே அவற்றில் இரண்டு. 1992இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'எ வுமன் ஸ்கார்ன்ட்' படத்தில் மெரிடித் பாக்ஸ்டர் பெட்டியாக நடித்தார். 2020இல் 'டர்ட்டி ஜான்' தொடரின் இரண்டாம் பருவம், எட்டுப் பகுதிகளாக, இதே கதையைச் சொன்னது; அதில் பெட்டி அமாண்டா பீட், டான் கிறிஸ்டியன் ஸ்லேட்டர். கொலை இரண்டிலும் ஒன்றேதான். கதையை எந்த இடத்தில் கையில் எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பார்ப்பவர் மனத்தில் யார் பக்கம் சாய்வு விழும் என்பதையும் அதுவே முடிவுசெய்துவிடுகிறது.

முதல் படத்துக்கு அவசரம் இருந்தது. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படாததால் தீர்ப்பே வரவில்லை. மறுவிசாரணையில், 1991 டிசம்பரில், இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் இரண்டு உறுதியாயின. 1992 பிப்ரவரியில் குறைந்தது 32 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனை. மார்ச் 1 அன்று படம் வீட்டுக்கூடங்களுக்கு வந்துவிட்டது. ஊரே இரண்டுபட்டு வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது. படத்தின் பெரும்பகுதி மணவாழ்க்கை உடையத் தொடங்கிய பிறகு நடப்பது: டானின் உடைகளைப் போட்டுக் கொளுத்துவது, காரை அவர் வீட்டு வாசற்கதவில் மோதுவது, ஆன்சரிங் மெஷினில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டுவது.

பாக்ஸ்டரைத் தேர்ந்தது பெரிய பலம். 'ஃபேமிலி டைஸ்' தொடரில் ஏழு ஆண்டுகள் அமெரிக்கர்கள் அம்மாவாகப் பார்த்துப் பழகிய முகம் அது. அந்த முகத்திலிருந்து அப்படிப்பட்ட வசவு வரும்போது உடம்பு பதறுகிறது. உண்மை வழக்கில், அம்மாவைக் கெட்ட வார்த்தை பேச வேண்டாமென்று மகன் அழுதுகொண்டே கெஞ்சிய தொலைபேசி உரையாடலின் ஒலிநாடா நீதிமன்றத்தில் ஒலித்தது. படத்தில் அந்த உரையாடலை பாக்ஸ்டர் நடித்திருப்பதை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. ஆனால் படம் முடியும்போது நமக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி: இந்தப் பெண் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?

2020 தொடர் அந்தக் கேள்வியை மதித்து, 1960களுக்கே போகிறது. இளம் பெட்டியாகவும் இளம் டானாகவும் வேறு நடிகர்கள் வருகிறார்கள். டான் மருத்துவம் படித்து முடித்தார். பிறகு ஹார்வர்டில் சட்டம். அந்த வருஷங்களில் பிள்ளைகளையும் வளர்த்து, கிடைத்த வேலைகளையும் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் பெட்டி. பணமும் பெயரும் வந்தபிறகு, 1983இல் டானின் அலுவலகத்தில் லிண்டா வேலைக்குச் சேர்ந்தார். இருவருக்கும் உறவு இருக்கிறதா என்று பெட்டி கேட்கக் கேட்க, டான் இரண்டு வருஷம் இல்லையென்றே சாதித்தார். பெட்டியின் கோபத்துக்கு விதை அந்த இரண்டு வருஷம்தான் என்று தொடர் சொல்வதை நான் ஏற்கிறேன்.

இந்தத் தொடரின் உண்மையான சாதனை சட்டத்தைக் கதைக்குள் கொண்டுவந்ததுதான். முதல் பகுதிக்கு 'நோ ஃபால்ட்' என்று பெயர். யார்மேல் தப்பு என்று கேட்காமலே விவாகரத்து தரும் அந்தச் சட்டம் 1970இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான், பொய்ச்சாட்சி சொல்லி விவாகரத்து வாங்கிய காலத்துக்கு அது முடிவுகட்டியது. ஆனால் ஒருவர் சான் டியேகோ கவுண்டி வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராகவே வந்தவர், இன்னொருவர் இல்லத்தரசி என்றால் தராசு எப்படி நேராக நிற்கும்? பெட்டி கையெழுத்துப் போட மறுத்தும், நீதிமன்ற உத்தரவின் பேரில் குடும்ப வீடு விற்கப்பட்டது. ஜீவனாம்சத்திலிருந்து டான் அபராதம் பிடித்தார்: ஒரு கெட்ட வார்த்தைக்கு 100 டாலர், வீட்டு வளாகத்துக்குள் கால்வைத்தால் 250, வீட்டுக்குள் நுழைந்தால் 500, சொல்லாமல் பிள்ளைகளை அழைத்துப்போனால் 1000. வழக்கில் ஒரு தரப்பே தண்டனையையும் விதிப்பது எந்த ஊர் நியாயம்? அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: பெட்டிக்கு நீதிமன்றம் தந்த ஜீவனாம்சம் மாதம் 16,100 டாலர். அவர் நடுத்தெருவில் நிற்கவில்லை.

ஆக, இரண்டில் தொடரே மேல் என்பேன். ஆனால் அதன் பலத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. எட்டுப் பகுதிகள் பெட்டியின் கூடவே நடந்துவிட்டு அந்தப் படுக்கையறை வாசலுக்கு வரும்போது, உள்ளே இருப்பவர்கள் நமக்கு அந்நியர்களாகிவிடுகிறார்கள். லிண்டா, படத்தில் வெறும் 'இன்னொருத்தி'. தொடரில் ரேச்சல் கெல்லர் அவருக்கு வேலையும் ஆசையும் பயமும் உள்ள உயிர் கொடுக்கிறார். கல்யாணத்துக்கே காவலாளிகள் வைக்க வேண்டியிருந்த பெண் அவர். என்றாலும் அவருக்குக் கிடைக்கும் நேரம் போதாது.

நாலு பிள்ளைகள் விஷயத்தில் இரண்டுமே குறைதான். அப்பா மண்ணுக்கும் அம்மா சிறைக்கும் போனபின் அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பதுதான் நான் பார்க்க விரும்பும் மூன்றாவது நாடகம். 2010இல் பரோல் விசாரணை வந்தபோது அவர்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை. அம்மாவை விடுங்கள் என்றவர்களும் உண்டு, விடக்கூடாது என்றவர்களும் உண்டு. பரோல் மறுக்கப்பட்டது. 2017இலும் அதே பதில்தான் வந்தது.